கேமரா இருந்த இடத்தில்

போல்டர், மார்ச் 3

அன்புள்ள லெட்டா,

நலமா? என் மின்னஞ்சலை நீ தடுத்து வைத்திருப்பதால் தாளில் எழுதுகிறேன். ஃப்ளாக்ஸ்டாஃபில் இன்னும் பனி என்றார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது?

சுற்றி வளைக்கவில்லை. நம் விண்கலத்தின் ஒரே கேமரா மங்கிவிட்டது. ஏப்ரல் 9 அன்று செவ்வாயின் குட்டி நிலவு டைமோஸை நெருங்குகிறோம். எரிபொருள் ஒரு முறை நெருங்கத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நிலவு துல்லியமாக எங்கே இருக்கும் என்பதை நீ இருபது வருடமாக அதைக் கவனித்து எடுத்த அளவுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். அனுப்பிவிடு. பழசை மறந்துவிடு.

உன் வெர்ன்

ஃப்ளாக்ஸ்டாஃப், மார்ச் 10

வெர்னுக்கு,

முழங்கால் வலிக்கிறது. ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. நாம் கணவன் மனைவியாக இருந்த கடைசி வருடம், செலவைக் குறைக்க இதே கலத்திலிருந்து நான் செய்த இரண்டாவது கேமராவைக் கழற்றினாய். மலிவுக் கலம், அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் முப்பது பேர் முன்னால், "லெட்டாவோட கேமரா குலுக்கிப் பார்த்ததுல தாங்கல, பாவம், நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றாய். அது அந்தக் குலுக்கல் சோதனையில் தேறியது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனே நீதான். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஒரு கருவிகூடச் செய்து தரச் சொல்லிக் கேட்கவில்லை.

அளவுகள் உறையில் தயாராக இருக்கின்றன. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதே முப்பது பேர் முன்னால் உண்மையைச் சொல். அன்றே தபாலில் சேர்க்கிறேன்.

லெட்டா

போல்டர், மார்ச் 21

அன்புள்ள லெட்டா,

சொல்கிறேன், சத்தியமாக. ஆனால் இப்போது சொன்னால் மேலிடம் என்னைத் தூக்கிவிடும். டைமோஸ் முடியட்டும். பெரிய விருந்து வைத்து உன்னைப் பற்றி நானே பேசுகிறேன். உனக்கும் அந்த நிலவு என்றால் உயிர்தானே?

உன் வெர்ன்

ஃப்ளாக்ஸ்டாஃப், ஏப்ரல் 2

வெர்னுக்கு,

உயிர்தான். அதனால்தான் ஒரு வாரம் யோசித்தேன். அளவுகளை ஏப்ரல் 10 அன்று உலகத்துக்கே வெளியிடுகிறேன். அடுத்துப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு மட்டும் ஒரு நாள் தாமதம்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. என் கேமராவைக் கழற்றிய இடத்தில், கலம் சாயாமல் இருக்க, அதே எடையில் ஓர் அலுமினியக் கட்டியை வைத்தாயே, அதோடு உபரியாகச் செய்த இன்னொரு கட்டிதான் உள்ளே இருக்கிறது. ஆறுதல் பரிசு என்று என்னிடம் தந்தாய். ஏழு வருடம் என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

இதனுடைய ஜோடிதான் இப்போது அங்கே பறந்துகொண்டிருக்கிறது. டைமோஸ் எங்கே என்று அதனிடம் கேள்.

லெட்டா