அப்பா சொன்ன சாட்சி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12 நவம்பர் 1976

என் அன்பு மகள் ஐவிக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். லண்டன் குளிரிலும் நீ சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன்.

வழக்கறிஞர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நாலைந்து நாடுகளில் கிளை உள்ள கந்தோர், கப்பல் வழக்குகள் பார்க்கும் பகுதி, உனக்கென்று தனி மேசை என்றெல்லாம் அப்பா சத்தமாக வாசித்தார். பிறகு சைக்கிளில் போய்ப் பங்குச் சுவாமியாரிடமும் காட்டினார். பதில் வரவில்லையே என்று நீ ஏங்கியிருப்பாய். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை.

பக்கத்து வீட்டு றுக்கியாவின் கணவர் மீராசாகிபுவுக்குத் துறைமுகத்தில் விபத்து. தேயிலைப் பெட்டிகளை ஏற்றும்போது தூக்குக் கயிறு அறுந்து, பெட்டிகள் அவர் காலில் விழுந்துவிட்டன. ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெட்டிகளைக் கணக்குப் பதிய அப்பா அப்போது கப்பலில்தான் நின்றார். கயிறு நைந்திருக்கிறது என்று தொழிலாளர்கள் சொன்னதையும், இந்த ஒரு தூக்கு முடியட்டும் என்று கப்பல் அதிகாரி சொன்னதையும் காதால் கேட்டவர். மீராசாகிபு நட்டஈடு கேட்கும் வழக்கில் அப்பாதான் சாட்சி.

போன கிழமை கப்பல்காரருக்காக வழக்காடும் அப்புக்காத்து கொழும்பிலிருந்து காரில் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். லண்டனிலிருந்து இந்த வழக்கைப் பார்க்கிறவர்களின் பெயரை அவர் சொன்னபோது, நான் குசினியிலிருந்து தேநீருடன் வந்துகொண்டிருந்தேன். அது உன் கந்தோரின் பெயர். என் மகள் அங்கேதான் வேலை செய்கிறாள் என்று அப்பா சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாங்கள் ஒரு வீட்டு ஆக்கள் மாதிரி. அந்த நேரம் வேற பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டனான் எண்டு சொன்னால் போதும். மகளைப் பற்றியும் நல்லதாக எழுதிவிடுவன்" என்றார்.

அவர் போனதும், ஓமென்று சொல்லுங்கோ என்று அப்பாவிடம் கெஞ்சியவள் நான்தான். நீ படித்த பாடு எனக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லட்டுமே என்றேன். மற்றவர்கள் தினக்கூலிகள், சொன்னால் அடுத்த கப்பலுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றார்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. தண்ணீர் அள்ள வந்த றுக்கியா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இவருக்குப் போன கால் இனி வராது. ஐவி இப்பதான் வேலையில சேர்ந்தவ. அண்ணனை ஒண்டும் சொல்ல வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது. உள்ளே போய், விசாரணைக்குப் போட்டுப் போகவென்று அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மினுக்கி வைத்தேன்.

நேற்று விசாரணை. கண்டதையும் கேட்டதையும் அப்பா அப்படியே சொல்லிவிட்டார். மகளுக்கு இது தெரியுமா என்று அப்புக்காத்து கேட்டாராம். "அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் என்ர காதில விழுந்தது விழுந்ததுதான்" என்றாராம். முடிவு வர மாதக்கணக்காகுமாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் விறாந்தையில் நடந்துகொண்டே இருக்கிறார். உனக்கு எழுதச் சொன்னால், நீ எழுது என்கிறார். மழையும் விடுவதாயில்லை. தபால்காரரின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்.

பிள்ளை, கொழும்பிலிருந்து அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர முதல், சாட்சி சொன்னவர் என் அப்பா என்று நீயே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. வேறு வாயால் அவர்கள் அறியக் கூடாது. பிறகு என்ன நடந்தாலும் எங்களுக்கு ஒளிக்காதே. அப்பா மேல் கோபமென்றால் என் பெயருக்கு எழுது, அவருக்குக் காட்டமாட்டேன். கோபமில்லையென்றால் அவர் பெயருக்கு எழுது. இரண்டு வரி போதும்.

மாதா உன் பக்கத்தில் நிற்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியம்மா