அம்மா கையெழுத்துக்கு மேலே

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு ரஞ்சன்குடியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் கவியாவும் நல்ல சுகம், அப்பா லாரியோடு நாக்பூர் போயிருக்கிறார், கோவையில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். கொளஞ்சியப்பன் மாமாவிடம் ஆண்டிமடம் முந்திரி கொடுத்து விடுகிறேன், கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. கண் விழித்துப் படிக்காதே.

அக்கா, இதுவரை அம்மா சொல்லி நான் எழுதியது. கடைசி வரிகளையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் ஊர்ச் சேதி எழுதி நிரப்பு என்று படுத்துவிட்டாள். இனி கவியா. அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஏழு மாதம். கல்யாண வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று உன்னிடம் மறைத்துவிட்டாள். போன வியாழன் அடிவயிறு வலி என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் தொற்றைக் காட்டும் சிஆர்பி 24. கர்ப்பத்தில் கொஞ்சம் கூடுவது உண்டு, ஆனால் ஏறிக்கொண்டே போனால் உள்ளே தொற்று இருக்கலாம், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மறுபடி ரத்தம் பார்த்துப் பேப்பரோடு வரணும் என்றார் டாக்டரம்மா. சனிக்கிழமை ரத்தம் கொடுத்தோம். நேற்று பள்ளிக்கூடம் விட்டு நான்தான் பேப்பரை வாங்கி வந்தேன். 61. வெள்ளை அணுவும் கூடியிருக்கிறது. படித்துச் சொன்னேன். காச்சலே இல்லாதவளுக்கு என்னடி கிருமி, போனா படுக்க வச்சுடுவாங்க, பெரியவ பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்துடுவா, பத்து நாள் பொறு என்று பேப்பரை அரிசி டப்பாவில் வைத்துவிட்டாள். அப்பாவிடமும் உன்னிடமும் சொல்லக்கூடாது என்று தன் வயிற்றில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அப்போது பாப்பா உதைத்தது அக்கா. சத்தியத்தை மீறினால் அதற்கு ஏதாவது ஆகுமா, மீறாவிட்டால் ஆகுமா, எனக்குத் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. இன்று சாயங்காலம் இந்த வெயிலில் அம்மா குளிருது என்று போர்வை கேட்டாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், சுட்டால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிடுவேன். சுடாவிட்டால் மாமா விடிகாலை ஐந்து மணி பஸ்ஸில் இதைக் கொண்டு வருவார். கிடைத்ததும் வார்டனிடம் கெஞ்சியாவது போன் போடு. நீ நர்ஸுக்குப் படிக்கிறவள், 61 என்றால் உனக்குத் தெரியும். நான் சொன்னால் சின்னப்பிள்ளை என்பாள், நீ சொன்னால் கிளம்பிவிடுவாள். என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. இதற்குக் கீழே இருப்பதை நம்பாதே.

எல்லாம் நல்லபடியாக நடக்கும், நீ நன்றாக இருக்க வேண்டும். பரீட்சைதான் முக்கியம். வீட்டில் ஒரு குறையும் இல்லை, அவசரப்பட்டு வராதே.

இப்படிக்கு உன் அம்மா,
ப. சிந்தாமணி