ஓடையில் வைத்த இன்சுலின்

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டில், கொண்டாப்பூரில், தூறல்; காட்டில் சுள்ளென்று வெயில். நாலரை மணி நேரக் கார்ப் பயணம். மொத்தமே நாலு கூடாரம், ஒரு கழிப்பறை, பக்கத்தில் மலையோடை. போன் எடுக்காது.

நிலா வகுப்போடு கேம்ப் போக ஆசைப்பட்டாள். பதினோரு வயது. "சுகர் இருக்கற பிள்ளைக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது" என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். மூன்று நாள் அழுகை. அதனால் நாங்களே கூட்டிவந்தோம்.

இன்சுலின் பேனா 4 (தினம் போடுவது 2, ஸ்பேர் 2), ஊசி, மீட்டர், குளுக்கோஸ், பிஸ்கட். முட்டை 12.

ஐஸ் பேக் உருகிவிட்டது. மருந்து சூட்டில் கெடாமலிருக்க நாலு பேனாவையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஓடையில் இறக்கி, ஒரு வேரில் கட்டினேன்.

இவர்: "தினம் போடுறது வெளியவே இருக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"இந்த வெயில்லயா? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

9.00: சுகர் 132. ராத்திரி ஊசி. டப்பா மறுபடி தண்ணீரில்.

அக்டோபர் 4, சனி

காலை 118. தோசை, ஊசி. நிலா கல்லுக்குக் கல் தாவினாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

11.00. ஓடை திடீரென்று செம்மண் நிறம். காவல்காரர் மல்லய்யா தெலுங்கில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். எங்களுக்கு அரைகுறைத் தெலுங்கு. பள்ளியில் தெலுங்கு படிக்கிற நிலாதான் சொன்னாள்: "மேல மலையில மழையாம், மேல வரணுமாம்." அவளை இழுத்துக்கொண்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தால், டப்பாவோடு அந்த வேரே இல்லை.

12.30. வந்த வழியில் இருந்த தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். கார் போகாது. மல்லய்யா: "ரேப்பு." நாளைக்காம்.

2.00: 187. 5.00: 243. தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டே இருக்கிறேன். சுகர் என்று தெரிந்த முதல் நாள் டாக்டர் சொன்னதே காதில்: சாப்பாடு தவறலாம், ஊசி தவறக்கூடாது.

சுகர் ஏறாது என்று முட்டை மட்டும் கொடுத்தேன். அதையும் பாதியில் வைத்துவிட்டாள். "ஆகலி லேதும்மா." பசிக்கவில்லையாம். பக்கத்துக் கூடாரத்தில் நூடுல்ஸ் வாசனை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்தார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டது நான்.

9.00: 296. ராத்திரி ஊசி இல்லை. ஐயோ, இல்லை.

"அம்மா, ஆம் ஐ கோயிங் டு டை?"

சீ, அதெல்லாம் இல்லடா என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

5.30: 371. வாந்தி ஒரு முறை. மூச்சு வேகமாக.

6.15. பாலத்தில் முழங்காலளவு. மல்லய்யா டிராக்டரில் ஏற்றினார். காரை அங்கேயே விட்டோம். பக்கத்து ஊரில் மருந்துக்கடை பூட்டு. இவர் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி எழுப்பினார். கடை வாசற்படியிலேயே ஊசி. பிறகு ஆஸ்பத்திரி, டிரிப்ஸ்.

டாக்டர்: "இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தால்..." நிலாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாலை 204. பிழைத்தோம். ஆஸ்பத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வீடு. மழை விட்டுவிட்டது. காலை 141. புதுப் பேனாவை எடுத்தேன். நிலா கையை நீட்டினாள்.

"இனிமே என் பையில இருக்கட்டும். நானே போட்டுக்கறேன்."

"அளவு தெரியுமா?"

"ரெண்டு வருஷமா பாக்கறேன்லம்மா."

முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஓடையில் வைத்தவள் நான். எந்த முகத்தோடு சொல்வது? கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏழு நிமிடம். நான் இன்னும் கதவைத் தட்டவில்லை.