மாடி ஹாலில் நடுத்தூண் விட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோவிச்சுக்காதே. என் பொண்ணு யாழினி இப்போதுதான் தூங்கினாள். அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சின்ன வீக்கம்தான். உன் தூணில் இடித்துக்கொண்டாள். அந்த ஹாலில் சுவர் எழுப்பலாமா வேண்டாமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த இரும்புலியூர் வீட்டுக்கு நீதான் பிளான் போட்டாய். கட்டிடக்கலை படித்து முடித்த கையோடு போட்ட முதல் பிளான். "ஆடுற ஹாலுக்கு நடுவுல யாராவது தூண் வைப்பாங்களா?" என்று சண்டை போட்டேன். "மேல தண்ணி டேங்க் நிக்கணும்டி. தூண் நகராது, நாம நகரலாம்" என்றாய்.

நகர்ந்தோம். ஜோடியாக ஆடும்போது நீ அந்தப் பக்கம் சுற்றுவாய், நான் இந்தப் பக்கம். நீ தூணுக்குப் பின்னால் மறையும்போது கால் தட்டும் சத்தத்தை வைத்துத்தான் எங்கே இருக்கிறாய் என்று தெரியும். தாம்பரம் கோயில் மேடையில் இல்லாத தூணைச் சுற்றிக்கொண்டு போனோமே, ஞாபகமிருக்கா? "நடுவுல யாரும்மா நிக்கறாங்க?" என்று மிருதங்கக்காரர் கேட்டார். சலங்கையை அவிழ்க்க முடியாமல் சிரித்தாய்.

நீ இல்லாமல் போன பிறகு ஹாலைப் பூட்டியே வைத்திருந்தேன். "சும்மாதானே கிடக்கு, தூணோட சேர்த்து சுவர் எழுப்பினா ரெண்டு ரூம் ஆயிடும்" என்றார் என் வீட்டுக்காரர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், அவர் கேட்பது நியாயம்தான். நானும் சரி என்று மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன். இன்று சாயந்திரம் பெருக்குவதற்காகத் திறந்தேன்.

யாழினி ஓடினாள், இடித்தாள், அழுதாள். நான் தூக்கப் போவதற்குள் எழுந்து, தூணைத் தடவிப் பார்த்தாள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போனாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் காலைத் தட்டித் தட்டி. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா. "அம்மா, நீ அந்தப் பக்கம் போ" என்றாள். போனேன். தூண் அவளை மறைத்ததும் பதறிக் கழுத்தை நீட்டினேன். கால் சத்தம் கேட்டது. சுவரே இல்லாமல் ஹால் ரெண்டாகியிருந்தது, அவளுடையது பாதி, என்னுடையது பாதி.

மேஸ்திரி டேப்போடு வாசலில் நின்றிருந்தார். "இன்னாம்மா, செவுரு வேணுமா வேணாமா?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேண்ணா."

என் வீட்டுக்காரருக்கு ரூம் வேண்டுமே, எங்கே போட? பால்கனியை மூடி ரூம் ஆக்கினால் கீழ் வீட்டுக்கு வெளிச்சம் வராமல் போய்விடுமா? பிளான் போட்டவள் நீ. நீ சொல்லும்வரை அந்த ஹாலில் ஒரு செங்கல் ஏறாது, அது என் பொறுப்பு. கனவிலோ எப்படியோ, சீக்கிரம் பதில் சொல்லு.

உன் தங்கச்சி