நீ சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

என் வசந்தி அக்காவுக்கு,

அடுத்த மாசம் வந்தா நீ போய் ஒரு வருஷம். அம்மா என்னோடதான் இருக்கா, சேலையூர்ல. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. உன் பொண்ணு ப்ரியா நாலாவது போயிட்டா. யாராவது பேசினா, உன்னை மாதிரியே தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் கேட்கிறா. நல்ல சேதியெல்லாம் முதல்லயே சொல்லிடறேன். இனிமே எழுதப் போறது உனக்குப் பிடிக்காது.

ப்ளஸ் டூ முடிச்சதும் ராணுவ அதிகாரி ஆகணும்னு நான் பிடிவாதம் பிடிச்சது உனக்கு நினைவிருக்கும். தாம்பரத்துல பொறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை வர்றது அதிசயமா என்ன? ஏர்ஃபோர்ஸ் ஜீப் கேம்ப் ரோடுல போனா, சைக்கிளை நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டு நிப்பேன். அதுக்கு நுழைவுப் பரீட்சை எழுதணும். கணக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ்தான் உதைச்சுது. அப்பா இருந்தவரைக்கும் நீ கான்வென்ட்ல படிச்சே. அப்பா போனப்புறம் நான் தமிழ் மீடியம். அதுல எனக்கு வருத்தம் இருந்ததில்ல. உனக்குத்தான் இருந்துது. அதனாலதானோ என்னவோ, "வார்த்தையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கணக்கைப் போடு"ன்னு நீயாவே சொன்னே.

நீ கிண்டியில ஒரு கம்பெனியில டைப்பிஸ்ட். எனக்கு அதுக்கு அடுத்த ஸ்டேஷன்ல காலேஜ். காலையில இரும்புலியூர்ல இருந்து நடந்து வந்து தாம்பரத்துல வண்டி ஏறுவோம். லேடீஸ் பெட்டியில உனக்கு உட்கார இடம் கிடைக்கும். அதை விட்டுட்டு எனக்காகப் பொதுப்பெட்டியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. பழைய கைடு ஒண்ணு வச்சிருந்தோம். அதுல எல்லாமே இங்கிலீஷ்லதான் இருக்கும். நீ படிச்சுப் பார்த்துத் தமிழ்ல விளக்குவே. சானடோரியம் வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை, குரோம்பேட்டை வர்றதுக்குள்ள இன்னொண்ணு. பல்லாவரத்துல கூட்டம் நெருக்கும்போதும் நீ நிறுத்தினதில்ல. பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் நம்மளையே பார்ப்பாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்.

அந்த வருஷம்தான் குணா சவப்பெட்டியில வந்தான். நம்ம தெருக்கோடி வீட்டு குணா, இலங்கைக்குப் போன படையில இருந்தவன். அவங்கம்மா வண்டிக்குப் பின்னாலயே ஓடினப்போ நீதான் இழுத்துப் பிடிச்சே. அன்னிக்கு ராத்திரி நீ சாப்பிடல. மறுநாள் நான் கேட்டேன், "நான் போகக் கூடாதுன்னு நினைக்கிறியாக்கா?" நீ என் மூஞ்சியை நேராப் பார்த்து, "போடா, உன் இஷ்டம். நான் ஏன் தடுக்கப் போறேன்"னு சொன்னே. அன்னிக்கும் கைடை எடுத்துக்கிட்டுத்தான் வண்டி ஏறினே.

வயசு வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அது உனக்கும் தெரியும்.

பரீட்சை எழுதிட்டு வெளியே வந்து பசங்களோட பேசிக்கிட்டு நின்னேன். 'கேண்டிட்'னா இனிக்க இனிக்கப் பேசறதுன்னு நீ சொல்லியிருந்தே, 'கேண்டி'ன்னா மிட்டாய், அதை நினைவு வச்சுக்கோன்னு. ஒருத்தன் சிரிச்சான். மனசுல இருக்கறதை மறைக்காமப் பேசறதுதான் கேண்டிட்னு சொன்னான். 'எனர்வேட்'னா தெம்பு கொடுக்கறதுன்னு சொல்லியிருந்தே. தெம்பை உறிஞ்சறதாம். எங்க அக்கா இங்கிலீஷ் கம்பெனியில வேலை பாக்கறான்னு சொல்லி அவனோட சண்டைக்கே போயிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன்கிட்ட கேட்டேன். நீ கண்கலங்கிட்டே. "நானும் குழம்பிட்டேன் போலிருக்குடா"ன்னே. நான்தான் உன்னைத் தேத்தினேன். ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் வர்ற தப்புதானேன்னு நான் சொல்லச் சொல்ல, நீ இன்னும் அழுதே.

கணக்குல நல்ல மார்க். இங்கிலீஷ்ல குறைஞ்சபட்சம்கூட வரல. அப்புறம் டிப்ளமோ, காட்டாங்குளத்தூர் காலேஜ்ல லேப் வேலை, கல்யாணம். மோசமான வாழ்க்கைன்னு சொல்ல மாட்டேன். எனக்கு எட்டலைன்னு நானே ஒத்துக்கிட்டு, பழகியும் போயிட்டேன்.

மஞ்சள் காமாலையில நீ படுத்தப்போ ஆஸ்பத்திரியில தினமும் உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேசினோம். இதை மட்டும் நீ பேசல.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம், உன் வீட்டுக்காரரும் நானும் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கிட்டிருந்தோம். உன்னைப் பத்தித்தான் பேச்சு. மாமா சொன்னார், "உன்னை மாதிரி தம்பி யாருக்கும் கிடைக்க மாட்டான்னு அடிக்கடி சொல்லுவா. பட்டாளத்துக்குப் போகக் கூடாதுன்னு வேணும்னே வார்த்தையெல்லாம் தப்பாச் சொல்லிக் கொடுத்தாளாமே. அதை உன்கிட்ட ஒத்துக்கிட்டப்போ நீ சிரிச்சுக்கிட்டே 'விடுக்கா'ன்னு சொல்லிட்டியாமே. எவ்வளவு பெரிய மனசு உனக்கு."

கையில நாற்காலியோட நின்னேன். "ஆமா மாமா"ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உன் படத்துல மாலை வாடாம இருந்துது. அன்னிக்கு உன்னைப் பொய்க்காரியாக்க எனக்கு மனசு வரல.

பயந்துதான் செஞ்சேன்னு நீ சொல்லலாம். குணாவோட அம்மாவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கை உன்னோடது. அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. கைடை வண்டிக்கு வெளியே தூக்கி எறிஞ்சிருக்கலாமே. நான் கேட்டேனே அக்கா, நேராவே கேட்டேனே. இல்ல, நான் போயிட்டா அம்மாவைப் பாத்துக்க வேண்டி வந்து உன் கல்யாணம் இன்னும் தள்ளிப் போகும்னு நினைச்சியா? இப்படியெல்லாம் யோசிக்க எனக்கே அசிங்கமா இருக்கு. யோசிக்க வச்சது நீ.

அம்மாகிட்ட சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது. கேட்டுட்டுச் சொன்னா, "எனக்குத் தெரிஞ்சிருந்தா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்." நான் எழுந்து வெளியே போயிட்டேன்.

வார்த்தையைத் தப்பாச் சொன்னதைக்கூட ஒரு நாள் ஜீரணிச்சிடுவேன். நான் சிரிச்சேன்னு சொன்னியே, அதைத்தான் முடியல. பத்து வருஷமா உன் வீட்டுல ஒரு நல்ல தம்பி இருந்திருக்கான். எல்லாம் தெரிஞ்சு, மன்னிச்சு, சிரிச்சவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா தட்டிக் கொடுத்தது அவனைத்தான். அது நான் இல்ல.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்றதுக்கு முன்னாடி, போன ஞாயித்துக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனேன். அன்னிக்கு நான் சொன்ன "ஆமா" பொய், நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்னு சொன்னேன். அவர் டிவியை அணைச்சார். "அப்ப என்கிட்டயும் பொய்தான் சொல்லியிருக்காளா?"ன்னு கேட்டார். ப்ரியா பக்கத்து ரூம்ல ஏதோ பாடிக்கிட்டிருந்தா. அவ காதுல விழாம இருக்க, நான் எழுந்து அந்த ரூம் கதவைச் சாத்தினேன். கிளம்பும்போது மாமா வாசல்வரைக்கும் வந்தார். இந்தத் தடவை தட்டிக் கொடுக்கல. கையைப் பிடிச்சுக்கிட்டார்.

உன் வருஷ காரியத்துக்கு வருவேன். உனக்குப் பிடிச்ச சேமியா பாயசம் வைக்கச் சொல்லியிருக்கேன். ப்ரியா கேட்டா, அவங்க அம்மாவைப் பத்தி நல்லதைத்தான் சொல்லுவேன். சொல்றதுக்கு நிறைய இருக்கு. இதெல்லாம் சத்தியம்.

மன்னிப்பு மட்டும் இன்னும் வரல. வந்தா உன் படத்துக்கு முன்னாடி நின்னு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீயா சொல்லிக்காதே.

இப்பவும் உன் கூடப் பொறந்தவன்,
முரளி