படகுக்குள் வைத்த அடுப்பு

மார்கழி, செவ்வாய் இரவு

இங்கிலாந்தில் எங்கள் மகன் கதிர், தான் குடியிருக்கும் சின்னப் பாய்மரப் படகில், குளிருக்காக ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்திவிட்டான். விறகும் கரியும் போட்டு எரிப்பது. மதியம் வீடியோவில் காட்டினான். புகைக்குழாய் கூரைக்கு மேலே நேராகப் போயிருந்தது. காற்று வர ஒரு துளையும் விட்டிருந்தான். எனக்குத் திருப்திதான்.

ராத்திரி சாப்பிடும்போது சரசு சொன்னாள். "ஏனுங்க, அந்த ஓட்டையில பனிக்காத்து அடிக்குதாம். துணிய வெச்சு இறுக்கி அடைச்சுட்டுப் படு சாமின்னு சொல்லிட்டேன்."

சோற்றை அப்படியே விட்டு எழுந்தேன். போதிய காற்றில்லாமல் எரியும் கரி, வாசனையே இல்லாத விஷவாயுவைக் கக்கும். எரிகிற மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடி எத்தனை வகுப்பில் காட்டியிருப்பேன். இப்போது டம்ளருக்குள் இருப்பது என் பிள்ளை.

போன் போட்டேன். அங்கே இன்னும் சாயங்காலம்தான், ஆனாலும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒருவழியாக எடுத்தான். குரல் குழறியது.

"அசந்துட்டேனுங்கப்பா. தலை விண்ணுவிண்ணுங்குது."

"கதவைத் திறந்துட்டு வெளிய வா. அடுப்பைத் தொடாதே, முதல்ல வெளிய வா."

கதவு நகரும் சத்தம் கேட்டது. பிறகு இருமல், காற்றின் இரைச்சல்.

"குளுருதுங்கப்பா. ஸ்வெட்டர் உள்ள கெடக்குது, எடுத்துட்டு வாரேன்."

சரசு போனைப் பிடுங்கிக்கொண்டாள். "குளுருனாக் குளுரட்டும். உள்ள காலெடுத்து வெச்சே, பாத்துக்க!"

இப்போது பக்கத்துப் படகுக்காரர் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தலைவலி குறைந்திருக்கிறதாம். சரசு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நாந்தானுங்க அடைக்கச் சொன்னேன்" என்கிறாள். எழுதியது போதும், அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.