எண்பது வரைக்கும்

மச்சான்,

செவ்வாய்க்கிழமை காலையில் நம் வளவுக்குள் வாவிச் சேற்றின் மணம் வந்தது. மீன் கழுவுகிற மணம் இல்லை. வலை கட்ட வாவிக்குள் ஊன்றிய வலைக்கம்பைப் பிடுங்கும்போது அடியிலிருந்து கிளம்புமே, அந்தக் கறுத்த மணம். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மகள் படலையடியில் நின்று, "அம்மா, சேத்துத்தோணி வந்திரிக்கார்" என்று கத்தினாள். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கத்தினாள்.

தம்பிராசா அண்ணன் படலைக்கு வெளியே நின்றார். கையில் சேறு பிடித்த ஒரு துணி. நிறம் போயிருந்தாலும் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நீங்கள் குதித்த பிறகு கையால் வீசி விடுகிற சின்னப் பரசூட். அதுதான் பெரியதை உறைக்குள்ளிருந்து இழுத்து விரிக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்கள். பெரியதைப் பொலிஸ் அன்றைக்கே கொண்டுபோய்விட்டது. இது மட்டும் கயிறு அறுபட்டு மூன்று வருடமாக வாவிக்குள் கிடந்திருக்கிறது, உங்களைப் பிடித்து வைத்திருந்த அதே வலைக்கம்புகளுக்குள்.

"வலை மாத்தப் போன இடத்தில கம்பில சுத்திக் கிடந்திச்சி, தங்கச்சி. எறிய மனம் வரல்ல" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருடமாகவே பார்ப்பதில்லை.

எனக்கு உங்களை முதல் கண்ட நாள் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வயது எனக்கு. அக்காவோடு பழைய இரும்புப் பாலத்தால் நடந்து வந்தேன். நீங்கள் பாலத்துக் கம்பியில் ஏறி நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தலைகீழாய்ப் பாய்ந்தீர்கள். தண்ணீர் மூடியது. ஆள் வரவேயில்லை. சனம் கூடி, "ஐயோ தாண்டுட்டான், மூழ்கிட்டான்" என்று கத்தியது. நான் முன்பின் தெரியாத ஆளுக்காக விம்மி விம்மி அழுதேன். பாலத்துக்குக் கீழே தம்பிராசா அண்ணன் தோணியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் பதற்றமில்லை.

"டேய், வெளிய வாடா! மேல ஒரு புள்ளைக்கு உயிர் போகுது!"

தூணுக்குப் பின்னாலிருந்து தலையில் பாசியோடு வந்தீர்கள். "ஆருக்குப் புள்ள அழுறாய்?" என்று கேட்டீர்கள். நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது தோணிக்குள் விழுந்தது. கலியாணம் முடிந்து நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது, அந்த ஒற்றைச் செருப்பைச் சீதனத்தில் சேருங்கள் என்று அண்ணன் கொண்டுவந்து தந்தாரே.

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னீர்கள். "நான் தண்ணிக்குள்ள போனா எண்பது வரைக்கும் எண்ணு, புள்ள. அதுக்குப் பிறகு அழு." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எண்பது எண்ணுவதற்கு அது போதும் என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். அதன் பிறகு எத்தனையோ தரம் நான் கரையில் நின்று எண்ணியிருக்கிறேன். எண்பது வருவதற்குள் நீங்கள் வராத நாளே இல்லை.

பிறகு வெளிநாடு போனீர்கள். பாலைவனத்தில் வெள்ளைக்காரர் விமானத்திலிருந்து குதிக்கிற இடத்தில் தரை கூட்டுகிற வேலை. கூட்டிக் கூட்டியே பரசூட் துணி மடிக்கப் பழகி, மடிக்க மடிக்கக் குதிக்கப் பழகினீர்கள். முதல் தரம் குதித்த அன்று போன் எடுத்தீர்கள். "விழுறதுக்குப் பயமில்ல, புள்ள. ஏறுறதுதான் பயம்" என்றீர்கள். நான் இங்கே ஆட்டுக்குக் குழை போட மறந்து வாசலில் இருந்தேன்.

ஒருநாள் விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் ஏறுவதும் குதிப்பதுமாக நின்று, அந்த இடத்தில் அதுவரை ஒருவரும் செய்யாத சாதனை என்று கடுதாசி வாங்கினீர்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். தம்பிராசா அண்ணன் சுவரில் ஆணி அடித்துத் தந்துவிட்டு, "வானத்தில அப்பிடி என்ன மீனாம் பிடிக்கிறான்?" என்று கேட்டார். ஆனால் கரையில் நின்ற எல்லாரிடமும் அதைச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

முழங்கால் பிசகி நீங்கள் திரும்பி வந்த பிறகு இனிக் குதிப்பதில்லை என்றீர்கள். நான் நம்பினேன். அப்பா பறப்பார் என்று மகள் பள்ளிக்கூடத்தில் சொல்ல, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "ஒருக்கா மட்டும், அப்பா" என்று அவள் கேட்டாள். சித்திரை விழாக்காரர் சின்ன விமானத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். வாவிக் கரையில் இருக்கிற மைதானத்தில் இறங்குவது என்று பேச்சு. தண்ணீரில் மிதக்கிற அங்கி ஒன்றை யாரோ நீட்டியபோது, "வாவிக்காரனுக்கு என்னத்துக்கு இது?" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

விழா அன்று வானத்தில் துணி விரிந்ததும் சனம் விசிலடித்தது. மகள் கூட்டாளிகளோடு மேடைக்குப் பக்கத்தில் நின்று துள்ளினாள். நான் தனியே தோணித்துறையில் நின்றேன். கடற்காற்று திடீரென்று பலத்து, உங்களை மைதானத்துக்கு மேலாலே மேற்கே தள்ளிக்கொண்டு போனது. வலைக்கம்புகள் நிற்கிற இடத்தில் விழுந்தீர்கள். துணி உங்களுக்கு மேலே மெல்லப் படிந்தது. ஒருவரும் அழவில்லை, மச்சான். எல்லாரும் கைதட்டினார்கள். இதுவும் உங்கள் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். நானும் கைதட்டினேன். பிறகு எண்ணத் தொடங்கினேன்.

நாற்பது எண்ணும்போது, துறையில் எனக்குப் பக்கத்தில் நின்ற தம்பிராசா அண்ணன் தோணியைத் தள்ளினார்.

"பொறுங்க அண்ண" என்றேன். "போய்க் கெடுக்காதீங்க. அவர் வருவார்."

அவர் தோணி தள்ளுகிற தாங்குகோலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கும் உங்களைத் தெரியுந்தானே. நான் எண்பது வரைக்கும் எண்ணினேன். நீங்கள் வரவில்லை. எனக்குக் கணக்கு எப்போதும் பிழைக்கும். நடுவில் எங்கோ தாவிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் தரமும் எண்பது வந்தது. அதற்குப் பிறகுதான், "போங்க, போங்க" என்று கத்தினேன்.

கழுத்தளவுத் தண்ணீர்தான், மச்சான். நீங்கள் எழும்பி நின்றிருந்தால் மூக்கு வெளியே இருந்திருக்கும். கயிறுகள் கம்புகளோடு சுற்றிக் காலையும் கழுத்தையும் பிடித்திருந்தன. அண்ணன் மீன் வெட்டுகிற கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். அவருடைய கையும் வெட்டுப்பட்டது. தோணிக்குள் கிடந்தது உங்கள் இரத்தமா அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

மரண விசாரணையில், ஏன் உடனே போகவில்லை என்று அவரைக் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது சொல்லப்போகிறார் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோணி சேத்தில இறுகிட்டு, ஐயா" என்றார்.

இறுகவில்லை. கரையில் நின்ற ஆயிரம் கண்ணும் கண்டன, தோணி தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றதை. நான் சொன்னதைக் கேட்டது அவர் மட்டுந்தான். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பெயர், சேத்துத்தோணி. சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெண்கள் அவருடைய மீன்கூடையைத் தாண்டி அடுத்த கூடைக்குப் போகிறார்கள். மகள் அவரைக் கண்டால் காறித் துப்புவாள். தான் கேட்டதால்தானே அப்பா குதித்தார் என்று அவளுக்குள் ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வைக்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். நான் அந்த ஆளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்று வருடம் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் துணியைப் படலையில் போட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு அடி வைத்து நின்று, மகளுக்குக் கேட்காமல், "பயப்பிடாத, தங்கச்சி. நான் ஆருக்கும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்" என்றார்.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவர் மறந்திருப்பார், அந்த இரைச்சலில் சரியாகக் கேட்டிருக்காது என்றெல்லாம் நான் எனக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

"நில்லுங்க அண்ண" என்றேன். மகளையும் பக்கத்தில் கூப்பிட்டேன். "மனே, தோணி இறுகல்ல. அண்ணன் போகத்தான் வெளிக்கிட்டவர். நான்தான் பொறுங்க எண்டு சொன்னனான்."

மகள் அவரைப் பார்த்தாள். "மெய்யாவா, மாமா?"

அவரை மாமா என்று அவள் கூப்பிட்டு மூன்று வருடம். அண்ணன் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

பாலத்தில் நீங்கள் பாய்ந்ததையும் அந்த எண்பதையும் சொன்னேன்.

"எத்தினை தரம் எண்ணினீங்க?"

"ரெண்டு தரம், மனே."

அவள் படலையில் கிடந்த துணியை எடுத்தாள். அண்ணனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு ஊற்றவில்லை. அன்றிலிருந்து நான்கு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. நான் ஆக்கி வைத்ததைத் தொடாமல், தானே பாண் வாங்கித் தின்றாள். அந்தத் துணியை மூன்று தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். சேறு போனது. மணம் போகவில்லை.

இன்று பின்னேரம் காற்று வந்து அந்தத் துணி கொஞ்சம் உப்பியது. நான் வாசற்படியில் இருந்தேன். வாய் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது. எனக்கு அது வழக்கம். அரிசி களையும்போதும் எண்ணுகிறேன், பேருந்தில் இருந்தும் எண்ணுகிறேன். எழுபத்தொன்பதில் நின்றுவிடும். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் நான் அழவில்லை, கல் நெஞ்சுக்காரி என்றார்கள். எனக்குள் எண்ணி முடியவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. வழக்கம்போல வாய் நின்றது.

"எண்பது" என்று அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

அதில் கோபம் இருந்ததா, வேறு என்ன இருந்தது, எனக்குத் தெரியாது. அவள் வெளியே வரவுமில்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், மச்சான். பழைய பாலத்தில் அழுத மாதிரி அழுதேன். பாசியோடு ஒருவரும் வரவில்லை.

நாளை காலையில் துறைக்குப் போவேன். சனம் கூடுகிற நேரத்தில் தம்பிராசா அண்ணனின் கூடையில் மீன் எடுத்துவிட்டு, மகளிடம் சொன்னதை அங்கே எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். என்னைப் பார்த்தும் துப்புவார்கள். துப்பட்டும். "பொறுங்க" என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. இனி அதை நான்தான் வைத்திருப்பேன்.